காப்பித் துறவு: ஒரு சிறு வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபொழுது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ ஏதேனும் எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுதவல்ல கற்றறிந்த பெரியோர் இம்மலரிலேயே பலர் உளர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, இருப்புப்பாதை அலுவலகத்தில் எண்களைச் சரிபார்த்துக் காலம் கழிக்கும் ஒரு குமாஸ்தா. ஆகவே என் தகுதிக்கு ஏற்ற சரித்திரம் ஒன்றைத் தேர்ந்துகொண்டேன். காரக்பூரில் உள்ள நம் காலனியில், பொழுது புலருமுன்பே வீடுதோறும் அரசு செலுத்தும் மன்னன் ஒருவன் உண்டு. அவன் பெயர் காப்பி. அவன் புகழ் பாடியவர் பலர். அவன் ஆட்சியிலிருந்து விடுபட முயன்றவர்களைப் பற்றி எழுதியவர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக நானும் இருக்கலாம் என்னும் ஆசையே இக்கட்டுரை.

இக்கட்டுரை பிறந்த காரணம்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் என் அன்னையாருக்குப் பித்தப்பைக் கல்லுக்காக அறுவை மருத்துவம் நடைபெற்றது. முதல் நாள் மாலை நான்கு மணிக்கு அருந்திய காப்பியே கடைசிக் காப்பி. இரவு முதல் பட்டினி. மறுநாள் காலையில் அறுவை நன்கு முடிந்தது என்று மருத்துவர் கூறினார். ஆனால் மாலையில் மயக்கம் தெளிந்த அன்னையார் வயிற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தலை பிளக்கிறது, தம்பி" என்றே புலம்பினார். இரவில் வலி மேலும் ஏறிற்று. விளக்கொளியைப் பார்க்க இயலவில்லை, குமட்டல், யார் பேசினாலும் எரிச்சல். மூளையில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று அஞ்சி நானும் என் மனைவியும் அவ்விரவைக் கழித்த விதம் இறைவனுக்கே தெரியும்.

விடிந்ததும், தலையைப் படம் பிடித்துப் பார்க்கலாமா என்னும் பேச்சு எழுந்தது. அவ்வேளையில் அங்குப் பணிபுரிந்த வயது முதிர்ந்த செவிலியர் ஒருவர், வங்காளப் பெண்மணி, என்னைத் தனியே அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் தாயார் நாளொன்றுக்கு எத்தனை முறை காப்பி குடிப்பவர்?" "ஆறு முறை" என்றேன். அவர் புன்னகை செய்தார். மருத்துவரின் இசைவு பெற்று அரைத் தம்ளர் காப்பி கொடுத்தோம். ஒரு மணி நேரம் கழிவதற்குள் அன்னையார் தலையணையில் சாய்ந்து அமர்ந்து, பக்கத்துப் படுக்கைப் பெண் சாப்பிட்டாளா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

வீடு திரும்பும் நாளில் மருத்துவர் வேறொன்றும் சொன்னார். நெடுநாளாக அன்னையாருக்கு இரவில் உறக்கமில்லை. நெஞ்சு படபடப்பும் உண்டு. ஆகவே காப்பியை விட்டுவிடுவதே நலம் என்றார். இதனை நான் எடுத்துச் சொன்னபொழுது அன்னையார் சினம் கொள்ளவில்லை, மெல்லிய குரலில் கேட்டார்: "ஊரை விட்டு வந்தேன். உறவை விட்டேன். உன் அப்பாவையும் விட்டாயிற்று. இந்த ஒரு தம்ளரையும் விடச் சொல்கிறாயா, தம்பி?"

என் தந்தையார் குடந்தைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து 1974-ல் காரக்பூர்ப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். அன்னையார் அடுத்த ஆண்டு ஒரு தகரப் பெட்டியுடனும் ஒரு பித்தளைப் பில்டருடனும் வந்து சேர்ந்தார். தகரப் பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. பில்டர் இன்றும் இருக்கிறது. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை தேடியே காப்பியின் சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

காப்பி இல்லாத தமிழகம்

வள்ளுவர் பெருமான் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். காப்பியுண்ணாமை என்று ஒன்று வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. ஏனெனில் காப்பி நம் பானம் அன்று. எத்தியோப்பிய நாட்டு மலைக்காடுகளில் தோன்றிய செடி அது. செங்கடலைக் கடந்து ஏமன் நாட்டை அடைந்தது. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டில் சூஃபி அடியார்கள் இரவு வழிபாட்டில் உறக்கம் வாராதிருக்கும்பொருட்டு அதனைக் காய்ச்சிப் பருகினர். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்று வழங்குவர். 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டு மலையில் காப்பி பயிரிடச் செய்தார்.

மலையில் விளைந்ததே ஒழிய, சமவெளித் தமிழர் அதனை உடனே பருகத் தொடங்கிவிடவில்லை. பழைய சோறும் நீராகாரமும் மோருமே நம் முன்னோரின் காலை உணவு. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் 2000-ல் வெளியிட்ட நூலுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே காப்பி நடுத்தரக் குடும்பங்களின் அடுக்களையில் குடியேறிற்று என்பதை அந்நூல் விளக்குகிறது. நூற்றாண்டுச் சிறிது கடந்த இந்த விருந்தாளியையே நாம் ஆதிகாலம் தொட்டு வந்த குலச்சொத்து என்று கருதி வருகிறோம்!

மன்னர்கள் தோற்ற வரலாறு

காப்பியை விடச் செய்ய முதலில் முயன்றவர்கள் அரசர்களும் அதிகாரிகளுமே. 1511-ல் மெக்கா நகரில் ஆளுநர் கைர் பேக் என்பவர், காப்பி கூடிய இடத்தில் வம்பும் கூடுகிறது எனக் கண்டு, அறிஞர்களைக் கூட்டி அதற்குத் தடை விதித்தார். காப்பிக் கொட்டைகள் தெருவில் கொளுத்தப்பட்டன. ஆனால் கெய்ரோவில் இருந்த சுல்தான் அத்தடையைத் தளர்த்திவிட்டார். துருக்கியில் நான்காம் முராத் என்னும் சுல்தான் 1633-ல் காப்பிக் கடைகளை மூடுவித்தார், கடுந்தண்டனைகளும் விதித்தார். அவர் காலத்திற்குப் பின் கடைகள் மீண்டும் திறந்தன.

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர், காப்பிக் கடைகளில் அமர்ந்து மக்கள் அரசியல் பேசுவதை வெறுத்து, 1675 டிசம்பர் 29 அன்று அக்கடைகளை ஒழிக்குமாறு பிரகடனம் செய்தார். 1676 ஜனவரி 10 முதல் அது நடைமுறைக்கு வருவதாக இருந்தது. எழுந்த கூக்குரலைக் கேட்டு ஜனவரி 8-ஆம் நாளே மன்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பத்து நாட்களில் தோற்ற போர் இது.

பிரஷ்ய நாட்டு மாமன்னர் பிரெடரிக், 1777-ல், என் குடிகள் பீர் அருந்தி வளர்ந்தவர்கள், காப்பி எதற்கு என்னும் கருத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். காப்பிக்காக நாட்டின் பணம் வெளியே போகிறதே என்பது அவர் கவலை. 1781-ல் காப்பி வறுக்கும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற படைவீரர்கள் தெருத்தெருவாக மூக்கை நீட்டிக்கொண்டு, எந்த வீட்டில் திருட்டுத்தனமாகக் காப்பி வறுபடுகிறது என்று மோப்பம் பிடிக்க அமர்த்தப்பட்டார்கள். நம் காலனியில் மாலை நான்கு மணிக்கு அப்படி ஒருவர் வலம் வந்தால் எந்த வீட்டை விடுவார், எந்த வீட்டைப் பிடிப்பார்? பிரெடரிக் 1786-ல் மறைந்தார்; அடுத்த ஆண்டே அச்சட்டமும் மறைந்தது. சுவீடன் நாட்டிலும் 1756 தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் பன்முறை தடை விதித்து, பன்முறை நீக்கினார்கள். இன்று உலகில் தலைக்கு மிகுதியாகக் காப்பி அருந்தும் நாடுகளுள் சுவீடனும் ஒன்று.

அரச கட்டளை தோற்றது போலவே தந்தையின் கட்டளையும் தோற்றது. ஜெர்மானிய இசை மேதை பாக் என்பார் 1730-களில் காப்பியைப் பற்றி நகைச்சுவை இசை நாடகம் ஒன்று அமைத்தார். மகளைக் காப்பி விடச்செய்ய ஒரு தந்தை படும் பாடே அதன் கதை. புத்தாடை இல்லை, உலாவப் போகக் கூடாது என்று மிரட்டியும் அவள் மசியவில்லை. காப்பியை விட்டால்தான் மாப்பிள்ளை பார்ப்பேன் என்றதும் இசைகிறாள். ஆனால் காப்பி குடிக்க இசைபவனே தன்னை மணக்கலாம் என்று ஊருக்குள் இரகசியமாகச் சொல்லியனுப்பி விடுகிறாள்! ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த ஜெர்மானியப் பெண்ணை நம் வீடுகளில் நாம் அறியமாட்டோமா?

நம் நாட்டில் எழுந்த எதிர்ப்பு

தமிழகத்தில் காப்பி பரவிய நாளில் அதனை எதிர்த்து எழுதியவர் பலர். கள்ளைவிடக் கொடிது, கள்ளையாவது விட்டுவிடலாம், இதனை விடமுடியாது என்றனர். பழையதை உண்டு திடமாக இருந்த உடல் காப்பியால் நலிகிறது என்றனர். எழுதியவர் எழுதிக்கொண்டே இருக்க, பில்டரில் டிகாக்ஷன் இறங்கிக்கொண்டே இருந்தது.

காந்தியடிகள் இலண்டனில் சட்டம் பயின்ற காலத்திலேயே (1888–1891) தேநீரையும் காப்பியையும் பொதுவாக விட்டுவிட்டு, கோக்கோ அருந்தத் தொடங்கியதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னர் 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபொழுது உடல் நலம் பற்றி எழுதிய நூலில், தேநீர், காப்பி, கோக்கோ ஆகிய மூன்றுமே உடலுக்குத் தேவையற்றவை என்று கூறிவிட்டார். முன்பு காப்பிக்குப் பதிலாகக் கொண்டதையும் பிற்காலத்தில் விட்டார் என்பது கருதத்தக்கது. ஒரே நாளில் துறவு வருவதில்லை. ஒன்றை விட மற்றொன்று துணை நிற்கிறது. பிறகு அத்துணையும் தானே நழுவுகிறது.

ஆனால் காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1942-ல்தான் இந்திய அரசு காப்பிச் சந்தையை விரிவாக்கும் சட்டத்தை இயற்றிற்று. போரினால் ஐரோப்பியச் சந்தை மூடப்பட்டுவிட்டது. விளைந்த காப்பியை நம் நாட்டு மக்களையே குடிக்கச் செய்தாக வேண்டியிருந்தது. அதற்கு முன்பே, 1936-ல், பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டிருந்தது. 1942-ல் கல்கத்தா கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்திலும் காப்பி ஹவுஸ் தொடங்கிற்று. தேநீரில் நீந்தும் வங்காளியரைக் கூடக் காப்பி அங்கே வளைத்துப் போட்டது. பிற்காலத்தில் இக்கடைகள் மூடப்பட்டு ஊழியர் வேலை இழந்தபொழுது, ஏ. கே. கோபாலன் அவர்களின் துணையோடு 1957 முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை ஏற்று நடத்தின. துறக்கச் சொன்ன குரல் ஒன்று. பருகச் சொன்ன கரங்கள் பல. வென்றது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்களுக்கோ காப்பி வெறும் பானமாகவும் இருக்கவில்லை. 1977-ல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கிய பின், ஊரிலிருந்து யார் வந்தாலும் பெட்டிக்குள் ஒரு பொட்டலம் காப்பித்தூள் வரும். நடைமேடையில் பெட்டியைத் திறக்குமுன்பே வாசனை வந்துவிடும். என் அன்னையார் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊர்ச் செய்தி கேட்பார். யார் வீட்டில் கலியாணம், எந்த ஆற்றில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் அந்த மணத்தோடு கலந்தே எங்கள் செவியில் ஏறின.

தலைவலியின் வரலாறு

இனி, மருத்துவமனையில் நாங்கள் கண்ட தலைவலிக்கு வருவோம். 1819-ல் ருங்கே என்னும் இளம் ஜெர்மானிய வேதியியலறிஞர், பெருங்கவிஞர் கெதே தம்மிடம் அளித்த காப்பிக் கொட்டைகளை ஆராய்ந்து அதனுள் இருந்த சத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே காஃபீன். 1827-ல் தேயிலையிலிருந்து பிரிக்கப்பட்ட பொருளுக்குத் தெயீன் என்று பெயரிட்டார்கள். 1838-ல் இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. ஆதலால், 'நான் காப்பியை விட்டுவிட்டேன்' என்று பெருமை பேசிக்கொண்டு, மண் குவளையில் நாலு வேளையும் வங்காளத் தேநீர் அருந்தும் நம் நண்பர்கள் உண்மையில் துறவு பூண்டவர் அல்லர். வேறு மடத்துக்கு மாறியவர்களே.

காஃபீன் நமக்குப் புதிய ஆற்றலைத் தருவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் விழித்திருந்து உழைக்க உழைக்க, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, 'ஓய்வு கொள்' என்று செய்தி அனுப்புகிறது. அச்செய்தி சென்று சேரும் வாயில்களைக் காஃபீன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 1981-ல் ஸ்னைடர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் இதனை விளக்கினர். இரயில் மொழியில் சொன்னால், சிக்னல் விழாமல் தடுத்து வைப்பது போன்றது. வண்டிகள் வந்து குவிந்துகொண்டேதான் இருக்கும். நாள்தோறும் இவ்வாறு நிகழும்பொழுது உடல் அதற்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. திடீரென்று காப்பியை நிறுத்தினால் அடினோசினின் ஆட்சி கட்டின்றி ஓங்குகிறது, காஃபீனால் சுருங்கியிருந்த மூளையின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தலை இடிக்கிறது.

1943-ல் டிரைஸ்பாக், பைஃபர் என்னும் இருவர் காஃபீனைக் கொடுத்துப் பின் நிறுத்தி, இத்தலைவலியை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்துக் காட்டினர். 1992-ல் வெளியான ஓர் ஆய்வு நம்மைப் போன்றோருக்கு மிக முக்கியமானது. 62 பேர், அவர்கள் பெருங்குடியர் அல்லர், சராசரியாக நாளொன்றுக்கு 235 மில்லிகிராம் காஃபீன், அதாவது இரண்டரைக் குவளைக் காப்பி அருந்தியவர்கள். காஃபீனை நிறுத்தியபொழுது அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தலைவலி வந்தது. 2004-ல் ஜூலியானோ, கிரிஃபித்ஸ் என்னும் இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கினர். கடைசிக் குவளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் துன்பம் தொடங்குகிறது. 20 முதல் 51 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைகிறது. இரண்டு முதல் ஒன்பது நாட்கள் வரை நீடிக்கிறது. தலைவலி மட்டுமன்று, சோர்வு, தூக்கக் கலக்கம், எரிச்சல், மனவாட்டம், கவனக் குறைவு, குமட்டல், உடல்வலி ஆகியவையும் வரும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரே குவளை அருந்துவோருக்கும் இது வரக்கூடும். 2013-ல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டில் காஃபீன் விலகலை ஒரு நிலையாக ஏற்றுக்கொண்டது.

இக்கணக்கைப் படித்தபொழுது என் கண்கள் கலங்கின. அன்னையாரின் கடைசிக் காப்பி மாலை நான்கு மணிக்கு. வலி தொடங்கியது மறுநாள் மாலை. உச்சம் அன்று நள்ளிரவு. கால அட்டவணைப்படி வந்து சேர்ந்த வண்டியைத்தான் விபத்து என்று எண்ணி நாங்கள் நடுங்கியிருக்கிறோம். ஏகாதசியன்று அன்னம் இல்லாவிட்டாலும் காப்பி உண்டு என்று நம் பாட்டிமார் விதி வகுத்ததன் உட்பொருளும் அப்பொழுதுதான் விளங்கிற்று.

போலிக் காப்பியின் பெருமை

கட்டளையிட்ட மன்னர்கள் தோற்ற இடத்தில், மாற்றுப் பானம் கண்டவர்கள் ஓரளவு வென்றார்கள். பிரெடரிக் காலத்து ஜெர்மனியிலும், 1806-ல் நெப்போலியன் ஆங்கில வாணிகத்தைத் தடுத்த பின் பிரான்சிலும், சிக்கரி வேரை வறுத்துக் காய்ச்சினார்கள். அதில் காஃபீன் சிறிதும் இல்லை. நம் வீட்டுத் தூளில் சிக்கரி கலப்பதை நாம் குறையாகப் பேசுகிறோம். துறவுக்குப் புறப்பட்டவனுக்கு அதுவே முதற்படி. அமெரிக்காவில் போஸ்ட் என்பவர் 1895-ல் கோதுமையை வறுத்துப் 'போஸ்டம்' என்னும் பானம் செய்து விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். ஜெர்மனியில் ரோசலியஸ் என்னும் வணிகர், காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை மட்டும் நீக்கும் முறை கண்டு 1906-ல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார்.

இவர்கள் அனைவருக்கும் முன்பே நம் பாட்டிமாரிடம் மாற்று இருந்தது. சுக்கும் மல்லியும் மிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சிய பானம் அது. காப்பிக் கொட்டை ஒன்றும் இல்லாத அதற்குச் சுக்குக் காப்பி, மல்லிக் காப்பி என்று பெயரும் சூட்டினார்கள். பெயரையாவது விட்டுவைத்தால் மனம் இசையும் என்பதைப் பிரெடரிக் மன்னர் அறியாமற் போனார். நம் கிராமத்து மூதாட்டி அறிந்திருந்தாள்.

நாங்கள் கண்ட வழி

இத்தனையும் படித்த பிறகும் நான் முதலில் செய்தது மூடத்தனமே. அன்னையாருக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை முதல் நான் காப்பியை அறவே நிறுத்தினேன். செவ்வாய் மாலை நெற்றிக்குள் சம்மட்டி அடித்தது. புதனன்று அலுவலகத்தில் ஒரு பதிவில் எண்களை முன்பின்னாக மாற்றிப் பதிந்துவிட்டேன். மேலதிகாரி கண்ணில் அது பட்டிராவிட்டால் சரக்கு ஒன்று வேறு ஊருக்குப் போயிருக்கும். வீட்டிற்கு வந்து, கணக்கு ஐயம் கேட்ட மகனிடம் சீறி விழுந்தேன். அவன் விம்மியதைக் கண்ட என் மனைவி ஒன்றும் பேசாமல் டபராவில் காப்பியைக் கொணர்ந்து வைத்தாள். சார்லஸ் மன்னர் பத்து நாள் தாங்கினார். அடியேன் மூன்றாம் நாள் சரணடைந்தேன்.

வழி காட்டியவர் என் அலுவலகத்து இசுலாமிய நண்பர். நோன்பு மாதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர் தேநீரை ஒவ்வொரு குவளையாகக் குறைத்துக்கொண்டு வருவாராம். "இல்லாவிட்டால் முதல் இரண்டு நோன்பும் தலைவலியிலேயே போய்விடும், பாயீ" என்றார். ஏட்டில் நான் தேடியது அவர் வீட்டு வழக்கத்திலேயே இருந்தது.

கார்த்திகை முதல் நாள் தொடங்கினோம். அன்னையாரின் ஆறு வேளையை முதலில் ஐந்தாக்கினோம். நான்கைந்து நாள் உடல் அதற்குப் பழகிய பின் நான்காக்கினோம். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் காப்பி இல்லை என்று விதித்தோம். அருந்திய காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலிலேயே இருக்கும். மாலைக் காப்பி இரவு உறக்கத்தைக் கெடுப்பது அதனாலேயே. வேளையைக் குறைத்ததோடு டிகாக்ஷனையும் குறைத்துப் பாலைக் கூட்டினோம்; தூளில் சிக்கரியை மிகுத்தோம். நீக்கிய ஒவ்வொரு வேளைக்கும் அதே டபராவில், அதே சூட்டில், மல்லிக் காப்பி வந்தது. தலை கனத்த நாளில் மேலும் குறைக்காமல் அங்கேயே நின்றோம். நிறையத் தண்ணீர், பகலில் சிறு உறக்கம், மாலையில் காலனிப் பிள்ளையார் கோயில்வரை நடை. தலைவலி மாத்திரை வாங்கும்பொழுது அட்டையைப் படித்து வாங்கினோம். சில மாத்திரைகளிலேயே காஃபீன் கலந்துள்ளது. பொங்கலுக்கு முன் அன்னையார் கடைசிக் குவளையையும் விட்டார். ஒரு நாளும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கவில்லை. படபடப்பு தணிந்தது, இப்பொழுது நான்கு மணிவரை உறங்குகிறார்.

வரலாறு எழுதப் புகுந்தவன் பொய் எழுதலாகாது. நான் முற்றும் துறக்கவில்லை. காலையில் ஒரு தம்ளரோடு நின்றுவிட்டேன். உடல் நலமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்று 2015-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூறியுள்ளது. ஆகவே காப்பி குடிப்போரைப் பாவிகள் என்று சொல்ல நான் வரவில்லை. மருத்துவர் விடச் சொன்னவர்கள், உறக்கம் கெட்டவர்கள், தாமே விட விரும்புபவர்கள் ஆகியோருக்கே இதனை எழுதினேன். அவர்கள் வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள்: முதல் வாரத்தில் அவர்கள் சிடுசிடுத்தால் மன உறுதி அற்றவர் என்று ஏளனம் செய்யாதீர்கள். அது குணக்கேடு அன்று. உடல் தன் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நாட்கள் அவை. அறுவைக்குச் செல்வோர், எத்தனை வேளைக் காப்பி அருந்துகிறோம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் பட்ட இரவு உங்களுக்கு வேண்டாம்.

சென்ற மாதம் ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்தார். வழக்கம்போல் பொட்டலம் வந்தது. நான் அஞ்சியவாறே நின்றேன். அன்னையார் அதனை மடியில் வைத்துக்கொண்டார். கயிற்றைச் சற்றே தளர்த்தி முகர்ந்தார். ஊர்ச் செய்தி யாவும் கேட்டு முடித்தார். பிறகு பொட்டலத்தைக் கட்டி என் மனைவியிடம் கொடுத்து, "வந்தவருக்கு நல்லதாகக் கலந்து கொடம்மா" என்றார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் சொன்னார்: "வாசனையையும் விட்டுவிடு என்று டாக்டர் சொல்லவில்லையே, தம்பி."

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!